மூன்று மணிச் சோதனை

ஏப்ரல் 18, வெள்ளி

நூல் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் கேஸ் சிலிண்டர் வந்த தேதியைத் தவிர நான் எதையும் எழுதியதில்லை. இன்று எழுத விஷயம் இருக்கிறது.

மத்தியானம் சிந்துஜாவின் வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் பேக்கரிக்கு வந்து ஒரு தகர டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளங்கையில் அடங்கும் டப்பா. உள்ளே ஐம்பது கிராம் பச்சைத் தேயிலை. லோங்ஜிங் என்று பெயராம். எங்கள் மகள் சிந்துஜா சீனாவில் ஹாங்சோ என்ற ஊரில் டாக்டருக்குப் படிக்கிறாள், இது ஆறாவது வருஷம். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் பெயர் ஷென். அந்த அம்மாளுக்கு ஊருக்கு வெளியே மலைச்சரிவில் கொஞ்சம் தேயிலை உண்டு. வசந்தத்தில் வரும் முதல் கொழுந்தைத் தன் கையாலேயே கிள்ளி, சட்டியில் கையால் வறுத்து அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் மகளே போன் செய்தாள்.

"அப்பா, ஷென் அம்மா மே 24 திருப்பூர் வர்றாங்க. அவங்க மகன் நிட்டிங் மெஷின் கம்பெனில இருக்கறார்ல, அவரு கண்காட்சிக்கு வர்றாரு, இவங்களும் கூட வர்றாங்க. அன்னைக்கு அந்தத் தேயிலையில உங்க கையால ஒரு கிளாஸ் குடிக்கோணும்னு சொன்னாங்க."

"நீ வரலியா அம்மிணி?"

"எனக்கு ஆஸ்பத்திரி டூட்டிங்ப்பா."

இரண்டாம் வருஷம் சிந்துஜாவுக்கு நிமோனியா வந்தபோது பதினோரு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊற்றியவர் இந்த ஷென் அம்மாள்தான். அந்தப் பதினோரு நாளில் நான் இங்கே இரண்டு தடவை பாலைத் தீய விட்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவருக்குப் பதிலுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது டீ ஒன்றுதான். அதைச் சரியாகப் போட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். முப்பத்தொரு வருஷமாக டீ போடுகிறேன், இதென்ன பெரிய கம்பசூத்திரமா?

ஏப்ரல் 19, சனி

முதல் சோதனை. வழக்கம்போல் துணியில் இரண்டு கரண்டி போட்டுக் கொதிநீர் ஊற்றி, பால் சேர்த்து, சர்க்கரை போட்டு, நுரை வர ஆற்றினேன். சாம்பலும் பச்சையுமாக ஒரு நிறம் வந்தது. பூவாத்தாளிடம் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இது அரப்புக் கரைச்ச தண்ணியாட்ட இருக்குது. தலைக்குத் தேய்க்கறதுங்களா?"

மனைவி வாய்த்தால் இப்படி வாய்க்க வேண்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சிந்துஜா ஞாயிற்றுக்கிழமைதான் வீடியோவில் வருவாள். சாப்டியா, சாப்பிட்டேன், அம்மா எங்கே, இந்தா பேசு. எனக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் பேச்சு, இரண்டு நிமிஷம். இன்று பாலில் போட்டதைச் சொன்னேன். "பாலா!" என்று போட்ட சத்தத்தில் தேங்காய் பன் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பால் கூடாது. சர்க்கரை கூடாது. வடிகட்டக் கூடாது. கண்ணாடிக் கிளாஸில் மூன்று கிராம் இலையைப் போட்டு மேலே வெந்நீர் ஊற்ற வேண்டும், இலை கிளாஸிலேயே கிடக்கும். இதற்கு எதற்கு மாஸ்டர்? குழாயைத் திறக்கத் தெரிந்தவன் போதுமே.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவள் சொன்னபடியே செய்தேன். பாய்லரிலிருந்து தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை நேராக இலையின் மேல் விட்டேன். இலை வெந்து மஞ்சளானது. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்துக் கசப்பு. சக்கையைப் பூவாத்தாளின் ரோஜாச் செடிக்குப் போட்டேன்.

சிந்துஜாவைக் கூப்பிட்டேன். ஞாயிறு இல்லையென்றாலும் இது அவசரம். மத்தியானம் மூன்று மணி என்றால் அங்கே ஐந்தரை, டூட்டி முடிகிற நேரமாம். எனக்கும் மூன்று மணிதான் ஓய்வு. பனியன் கம்பெனி ஆட்கள் நாலு மணிக்குத்தான் வருவார்கள்.

"எவ்வளவு சூட்டுல ஊத்துனீங்க?"

"கொதிக்கக் கொதிக்கத்தான். ஆறுன தண்ணியில எவனாச்சும் டீ போடுவானா?"

"எண்பது டிகிரிங்ப்பா. அதுக்கு மேல போனா இளங்கொழுந்து வெந்துரும்."

எண்பது டிகிரி என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கொதிக்கிறது, கொதிக்கவில்லை. எனக்குத் தெரிந்த சூடு இரண்டுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

சாயப்பட்டறை மாஸ்டர் சென்னியப்பன் தினமும் வருகிறவர். ஸ்ட்ராங் டீ, சர்க்கரை தூக்கலாக. விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எண்பதுங்களாண்ணா? ஒரு சில சாயத்துக்கும் அதே சூடுதானுங்க. மேல போச்சுன்னா ஒட்டுக்கா நாசமாப் போயிரும். சாயங்காலமே தெர்மாமீட்டர் கொண்டாறேன். அதைக் கழுவித்தான் கொண்டாருவேன், பயப்படாதீங்க."

கழுவித்தான் கொண்டுவந்தார். நான் இன்னும் இரண்டு தடவை கழுவினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கொதித்த தண்ணீர் எண்பதுக்கு இறங்கும்வரை காத்திருப்பது இருக்கிறதே, அது என் ஜென்மத்துக்கு ஆகாது. பத்து நிமிஷம் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றால் நான் டீ மாஸ்டரா, வாட்ச்மேனா? பொறுமை போய், பழக்க தோஷத்தில் தண்ணீரை ஒரு ஜக்கிலிருந்து இன்னொரு ஜக்குக்கு ஆற்றினேன். முழுக்கை உயரம். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு. மறுபடி ஆற்றினேன், எண்பத்தாறு. மூன்றாவது தடவையில் எண்பத்தொன்று!

பத்து தடவை செய்து பார்த்தேன். ஒரு டிகிரி இரண்டு டிகிரிக்கு மேல் பிசகவில்லை. தெர்மாமீட்டரைச் சென்னியப்பனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் கையே தெர்மாமீட்டர்.

இலை முதலில் மிதந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, கிளாஸின் அடியில் நாற்று நட்டது போல நெட்டுக்குத்தலாக நின்றது. வாசனை பிடித்தேன். பாசிப்பயறை லேசாக வறுக்கும்போது வருமே, அது. குடித்தால் ஒன்றுமே இல்லை, வெந்நீர். சரி, ஏமாந்தோம் என்று கிளாஸை வைத்த பிறகுதான் தொண்டையிலிருந்து ஒரு தித்திப்பு மேலே ஏறி வந்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அதே தித்திப்பு.

சிந்துஜாவிடம் மூன்று தடவை ஆற்றும் விஷயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்ப்பா."

சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சக்கை ரோஜாச் செடிக்கு.

ஏப்ரல் 30, புதன்

தண்ணீர்ச் சோதனை. போர் தண்ணீரில் போட்டால் உப்பு முன்னால் வந்து நிற்கிறது. கேன் தண்ணீரில் வாசனை வரவில்லை, செத்த தண்ணீர். குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும் நல்ல தண்ணீரைக் குடத்தில் ஒரு நாள் தெளியவைத்து ஊற்றினால்தான் தித்திப்பு ஏறுகிறது. இதற்கு மூன்று கிளாஸ் செலவு. தவிர்க்க முடியாது, ஆராய்ச்சி என்றால் அப்படித்தான்.

மூன்று மணிக்கு முடிவை அவளிடம் சொன்னேன். அவளும் அங்கே ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்று வார்டில் ஒரு தாத்தா ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாராம். இவள் தரையில் படுத்துக்கொண்டே அவரிடம் கால் மணி நேரம் பேசி வெளியே கொண்டுவந்தாளாம். பட்டன் கழன்றால் தைக்கத் தெரியாமல் அழுத பெண் இது.

மே 2, வெள்ளி

சோதனை. நன்று. அவள் ஊசி போடக் கற்றுக்கொண்ட கதை.

மே 5, திங்கள்

சென்னியப்பன் தெர்மாமீட்டர் கொடுத்தவர் என்ற உரிமையில் ஒரு கிளாஸ் கேட்டார். மனசே இல்லாமல் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "என்னுங்ண்ணா, சாயம் ஏறவே இல்லியே" என்றார். பிறகு ஸ்ட்ராங் டீ வாங்கி வாயைக் கழுவினார். இவருக்கு இனி தீபாவளிக்குக்கூடக் கிடையாது.

மே 7, புதன்

சோதனை செய்தேன். போன் கிடைக்கவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டீ நன்றாக இல்லை. தண்ணீரில் ஏதோ கோளாறு.

மே 8, வியாழன்

அதே குடத்துத் தண்ணீர். போன் கிடைத்தது. டீ பிரமாதம். தண்ணீர் ஒரு நாள் கூடுதலாகத் தெளிந்ததால் இருக்கும்.

மே 12, திங்கள்

பூவாத்தாள் டப்பாவை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தம்மா வர இன்னும் பன்னெண்டு நாள் கெடக்குது. இதுல நாலு கிளாஸுக்கு மேல தேறாது. அப்பறம் வந்தவங்களுக்கு என்னத்தக் குடுப்பீங்க, அரப்பா?"

"கை பழகோணுமில்ல?"

"உங்க கையி பத்து நாளைக்கு முந்தியே பழகிருச்சு. அந்தப் புள்ளையப் பாக்கறதுக்கு உங்களுக்கு ஒரு சாக்கு வேணும். அதுக்கு அந்தம்மா தேயிலை."

அவள் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கடையில் கூட்டம் அதிகம், சரியாகக் காதில் விழவில்லை.

மே 13, செவ்வாய்

டப்பாவைக் காணோம். கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க" என்கிறாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவனிடம் பொய் சொல்கிறாள்.

மே 16, வெள்ளி

அரிசி டிரம்மில் இருந்தது. வாசனை பிடித்துவிடும் என்ற பயத்தில்தான் எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, பிடிக்கவில்லை. அதை உறுதி செய்ய ஒரே ஒரு கிளாஸ். சிந்துஜா இன்று முதல் தடவையாகப் பிரசவம் பார்த்திருக்கிறாள், பெண் குழந்தை. குழந்தை அழ அரை நிமிஷம் ஆனதாம், அந்த அரை நிமிஷத்தை அவள் இரண்டு தடவை சொன்னாள். அவள் பிறந்தபோது நடந்ததையெல்லாம் நானும் அவளிடம் சொன்னேன். நாலு மணி ஆட்கள் வந்து கத்தும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மே 19, திங்கள்

பூவாத்தாள் டப்பாவை நூலால் கட்டிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். இனி எடுத்தால் சாமி குற்றம் என்றாள். சாமியையே காவலுக்கு வைத்துவிட்டாளே.

மே 21, புதன்

ஒத்திகை பார்க்காமல் எந்த விசேஷமும் நடப்பதில்லை. சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

மே 22, வியாழன்

டப்பாவைத் திறந்து தாளில் கொட்டினேன். இரண்டு கிளாஸுக்கு இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கிளாஸுக்குத்தான் இருக்கிறது, அதுவும் தட்டிக் கொட்டினால்.

மகளுக்குக் கஞ்சி ஊற்றிய மனுஷி மலையேறிக் கிள்ளிக் கொடுத்த இலை. அவர் வரும்வரை காப்பாற்றி வைக்க எனக்குத் துப்பில்லை. ஒரு கிளாஸ் சரியாக வரவில்லை என்றால் இன்னொன்று போட வழியில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவர் கேட்டால்? டப்பாவைக் காட்டு என்று கேட்டால்? முப்பத்தொரு வருஷத்தில் ஒரு டீயை நினைத்து நான் பயந்தது இதுதான் முதல் தடவை.

பூவாத்தாள் திட்டவில்லை. "அந்தம்மாளுக்கு மட்டும் குடுப்போம். நமக்குக் கேட்டா இன்னைக்கு விரதம்னு சொல்லிக்கலாம்" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் என்ன விரதம் என்று கேட்டேன். "வாய்க்கொழுப்பு விரதம்" என்றாள்.

மே 24, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

மூன்று மணிக்குக் கால் டாக்ஸி வந்து நின்றது. ஷென் அம்மாள் குள்ளமாக, நீலத் தொப்பியும் கேன்வாஸ் ஷூவுமாக இறங்கினார். நேராக வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காய்ச்சலில் கிடந்த என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை இது என்று நினைத்ததும் தமிழிலேயே என்னென்னவோ சொன்னேன். சொன்னது அவருக்குப் புரியாது என்பது ஒரு வசதி.

சிந்துஜா டூட்டி மாற்றிக்கொண்டு போனில் வந்திருந்தாள். போனைப் பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்தோம், அவள்தான் இரண்டு பக்கத்துக்கும் பேச்சு.

"அப்பா, சும்மா அமைதியாப் போட்டுக் குடுங்க. வித்தையெல்லாம் காட்டாதீங்க" என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். அதனால் பாய்லருக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல் சின்னதாக நாலைந்து தடவை ஆற்றி, கடைசி இலைகளைப் போட்ட கிளாஸில் ஊற்றினேன். இலை அத்தனையும் நிமிர்ந்து நின்றது.

ஷென் அம்மாள் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாசனை பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு சின்னச் சின்ன வாயாகக் குடித்தார். நானும் பூவாத்தாளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். திடீரென்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

என் கடையில் டீயை மிச்சம் வைத்து இறங்கிப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு ஈ விழுந்திருந்தது, இன்னொருவருக்குப் பஸ் வந்துவிட்டது. இவருக்கு இரண்டும் இல்லை. கிளாஸை என் பக்கம் தள்ளி ஏதோ சொல்லவும் செய்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மிணி, மன்னிச்சுக்கச் சொல்லு. வேற போட்டுத் தர இலையில்லை. அத்தனையும் நாந்தான் குடிச்சுத் தீத்துட்டேன்."

சிந்துஜா அதைச் சீனத்தில் சொல்லவில்லை. சிரித்தாள்.

"அப்பா, தண்ணிதான் கேக்கறாங்க. அடியில கொஞ்சம் விட்டுட்டு அதுமேல மறுபடி தண்ணி ஊத்தோணும். ஒரு தடவை போட்ட இலையில மூணு தடவை குடிக்கலாம். ரெண்டாவதுதான் ருசியே. நான் சொன்னனல்லோ?"

"நீ எங்க சொன்னே?"

"பின்ன இத்தனை நாளா என்னத்தப் பேசுனோம்?"

"ஊசிக்குப் பயந்த தாத்தா கதை பேசுனோம்."

பூவாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப மூணுல ரெண்டு பங்கு குடிச்சது என்ற ரோஜாச் செடிதானுங்களா?" துணியில் வடிகட்டி, சக்கையை வாளியில் தட்டியே பழகிய கை என்னுடையது. ஒரு தடவைக்கு மேல் அது எதையும் வைத்திருந்ததில்லை.

வந்தவரைக் காக்க வைக்கக் கூடாதே என்ற அவசரத்தில் நான் பாய்லரைத் திறந்து ஜக்கில் கொதிநீர் பிடித்து, நின்ற இடத்திலேயே முழுக்கை உயரத்துக்கு ஆற்றினேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு சொட்டு கீழே விழவில்லை.

ஷென் அம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போனைப் பார்த்து என்னவோ கத்தினார், என் கையைக் காட்டினார், மறுபடி கத்தினார். சிந்துஜா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் தன் போனில் எதையோ தேடி எடுத்து எங்களிடம் நீட்டினார்.

வீடியோ. ஒரு சமையல்கட்டு. சிந்துஜா கைப்பிடிப் பாத்திரம் இரண்டை வைத்துக்கொண்டு தண்ணீரை ஆற்றுகிறாள். தலைக்கு மேலே தூக்கிய கை, லேசாகச் சாய்ந்த கழுத்து, ஊற்றும்போது ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வது. பாதித் தண்ணீர் தரையில். பின்னாலிருந்து ஷென் அம்மாள் திட்டுகிற சத்தம்.

"என்ன சொல்றாங்க அம்மிணி?"

சிந்துஜா முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"ஆறு வருஷமா இவ என்ற சமையல்கட்டுத் தரையை நனைக்கறா, எத்தனை திட்டுனாலும் கேக்கலை, சூடு பாக்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் குடுத்தேன், அதையும் தொடலைங்கறாங்க. இது சேட்டைன்னு நெனைச்சிருந்தேன், இப்பத்தான் தெரியுது இது யாரு கையின்னு, அப்படிங்கறாங்க."

"இதை ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நீங்க மூணு தடவை ஆத்துனா எண்பது வருதுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னீங்களே, அன்னைக்கு. அத்தனை சந்தோஷமாச் சொன்னீங்க. நான் மொத வருஷத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்னு எப்படிங்ப்பா சொல்றது?"

நான் அவளுக்கு டீ போடச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. படிக்கிற பெண் பாய்லர் பக்கம் வரக் கூடாது என்று விரட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதோ அந்த மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதினாளோ இல்லையோ, பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பூவாத்தாள் எனக்கு முன்பே ஆரம்பித்திருந்தாள். ஷென் அம்மாள் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு அவரே ஜக்கை வாங்கி, கிளாஸில் தண்ணீர் ஊற்றி, சற்றுப் பொறுத்து, மூன்று கிளாஸில் பங்கு வைத்தார். பூவாத்தாள் விரதத்தை மறந்து குடித்தாள். ரெண்டாவதுதான் ருசி என்பது உண்மை.

காலி டப்பாவை நானே எடுத்து அவர் முன் வைத்தேன். கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை என்றதும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். போன வருஷம் ஒரு பெரிய மனிதருக்குக் கொடுத்தாராம், அவர் இன்னும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாராம், இந்நேரம் வைக்கோலாகியிருக்குமாம். "குடிக்கத்தான கிள்ளுனேன்னு சொல்றாங்கப்பா."

கிளம்பும் முன் பால் டீ கேட்டார், ஸ்ட்ராங்காக. இரண்டு கிளாஸ் குடித்தார். அடியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

மே 25, ஞாயிறு

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இலை இல்லை, ஆராய்ச்சி எதுவும் பாக்கியில்லை.

மூன்று மணிக்குச் சிந்துஜாவைக் கூப்பிட்டேன்.

"என்னுங்ப்பா, என்ன சோதனை இன்னைக்கு?"

"ஒண்ணுமில்லை அம்மிணி. உன்னைப் பாக்கோணும்போல இருந்துச்சு" என்றேன்.

நாலு மணிக்குக் கம்பெனி ஆட்கள் வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தோம். பூவாத்தாள் என்னைப் போனிலிருந்து எழுப்பாமல் தானே பாய்லர் பக்கம் போய் நின்றுகொண்டாள்.